‘ஓடை எங்கே?’ என்று கேட்ட காடு

ஆள்காட்டிக் குருவி மருதி காலையில் கண் விழித்தபோது ஓடையின் சத்தம் கேட்கவில்லை.

முந்தின நாள் வரை ஓடை ஓடிக்கொண்டுதான் இருந்தது. பங்குனி வெயிலில் கொஞ்சம் மெலிந்திருந்தது, அவ்வளவுதான். இப்போது வெறும் கூழாங்கற்கள் கிடந்தன. கற்களுக்கு நடுவே அங்கங்கே சின்னக் குட்டைகள். அவற்றில் மீன்குஞ்சுகள் வாயைத் திறந்து திறந்து மூடின.

"என்னங்க, தண்ணியைக் காணோம்!" என்று கத்தினாள் மருதி.

அவள் கணவன் மஞ்சக்காலன் முட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தான். கூடு என்று பெயர்தான். கூழாங்கற்களுக்கு நடுவில் ஒரு சிறு குழி. அதில் நான்கு முட்டைகள்.

"மத்தியானத்துக்கு என்ன பண்றது?" என்றான் அவன்.

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. நிழலே இல்லாத கல்தரையில் உச்சிவெயில் அடித்தால் முட்டை வெந்துவிடும். அதனால் ஆள்காட்டிகள் தண்ணீரில் இறங்கி வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வரும். அந்த ஈரத்தோடு முட்டைமேல் உட்காரும். தண்ணீர் இல்லையென்றால் அந்த நான்கு முட்டைகளும் இல்லை.

"போய்ப் பாத்துட்டு வரேன்" என்று மருதி ஓடையை ஒட்டியே மேலே பறந்தாள்.

மலைச்சரிவில் பெரிய மடு ஒன்று இருந்தது. அதன் வாயிலிருந்துதான் ஓடை கிளம்பும். அந்த வாயில் இப்போது பாறைகளையும் மரக்கட்டைகளையும் உருட்டிப் போட்டு, இடுக்கெல்லாம் சேற்றைக் குழைத்து அடைத்திருந்தார்கள். மடுவுக்குள் காட்டெருமைகள் கழுத்தளவு தண்ணீரில் சுகமாகப் படுத்திருந்தன. கரையில் நரி நல்லான் உட்கார்ந்திருந்தான். காட்டெருமைத் தலைவன் கருந்தோளனுக்கு யோசனை சொல்வது அவன்தான்.

"வா, ஆள்காட்டி! என்ன காலையிலேயே?"

"மடுவாயை யார் அடைச்சது?"

"அடைக்கலைம்மா. சீர் பண்ணியிருக்கோம். தலைவர் கூட்டத்துல எழுபது பேர். கோடையில புரள ஆழம் வேணாமா?"

"கீழே எத்தனை உயிர் இந்த ஓடையை நம்பி இருக்குன்னு தெரியுமா?"

நரி பின்னங்காலால் காதைச் சொறிந்துகொண்டான். "இருக்கலாம். ஆனா வந்து கேட்டது நீ ஒருத்திதான். அப்படின்னா மத்தவங்களுக்கு எல்லாம் தண்ணி இருக்குன்னுதானே அர்த்தம்?"

கருந்தோளன் தண்ணீரிலிருந்து தலையை மட்டும் தூக்கினான். "மழை வரட்டும், பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு மறுபடி மூழ்கினான்.

மழைக்கு இன்னும் இரண்டரை மாதம் இருந்தது.

மருதி மடுவின் ஓரத்தில் வயிற்றை நனைத்துக்கொண்டு திரும்பினாள். வரும் வழியிலேயே பாதி ஈரம் காய்ந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அவள் ஒரு புற்றின்மேல் ஏறி நின்று நடந்ததையெல்லாம் கத்திச் சொன்னாள். மடுவாயை அடைத்தது, எழுபது எருமைகள், நரி சொன்னது, தலைவன் சொன்னது, முட்டைகள், மீன்குஞ்சுகள், எல்லாவற்றையும் சொன்னாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆள்காட்டி கத்துவது காட்டில் புதிதா என்ன!

குட்டைக்குள்ளிருந்து நீர்நாய் கயலன் தலையை நீட்டினான். "மருதி, நீ சொல்றது ரொம்ப நீளம். நடுவுலேயே எனக்குத் தூக்கம் வந்துடுச்சு."

பக்கத்து மரத்தில் ஏழு தவிட்டுக்குருவிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எதைக் கேட்டாலும் அடுத்த மரத்தில் போய்ச் சொல்லாவிட்டால் அவற்றுக்கு நிலைகொள்ளாது. அவற்றில் மூத்தவள் சில்லு.

"ஆமாக்கா!" என்றாள் சில்லு. "இவ்வளவையும் எங்களால தூக்கிட்டுப் போக முடியாது. ரெண்டு வார்த்தையாக் கொடுங்க, காடு முழுக்கக் கொண்டுபோறோம்!"

மருதி காய்ந்த கற்களைப் பார்த்தாள். "ஓடை எங்கே?" என்றாள்.

"ஓடை எங்கே!" என்று ஏழும் ஒரே குரலில் கத்தின. உடனே பறந்தன.

அவை அடுத்த மரத்து மைனாக்களிடம் சொல்லின. மைனாக்கள் கிளிகளிடம் சொல்லின. கிளிகள் பள்ளத்தாக்கைத் தாண்டிக் கொண்டுபோயின. மயில் பாறைமேல் நின்று அகவியது. கருமந்திகள் கிளைக்குக் கிளை தாவிக் கூவின. மறுநாள் சூரியன் மறைவதற்குள் மேற்கு மலையிலிருந்து "ஓடை எங்கே?" என்று திரும்பி வந்தது. அந்த ஓடையைக் கண்ணால் பார்க்காதவர்களும் கேட்டார்கள்.

அதனால் ஒரு நன்மை நடந்தது. புள்ளிமான் செவந்தி மூச்சிரைக்க ஓடி வந்தாள். "என் குட்டை மட்டும்தான் வத்துதுன்னு நினைச்சு ரெண்டு நாளா யார்கிட்டயும் சொல்லாம இருந்தேன். கரடி பூதனுக்கும் அதே கதையாமே! முயல்களுக்கும் அதேதானாம்!" அதுவரை ஒவ்வொருவரும் தனக்குத்தான் நேரம் சரியில்லை என்று நினைத்திருந்தார்கள். எல்லாருக்கும் நேர்ந்தது ஒரே விஷயம் என்று அந்த இரண்டு வார்த்தைதான் காட்டிக்கொடுத்தது. எந்தப் பள்ளத்தில் இன்னும் நாலு வாய்த் தண்ணீர் இருக்கிறது என்ற சேதியும் மரத்துக்கு மரம் வந்தது. முயல்கள் அதைக் கேட்டுத்தான் பிழைத்தன.

மருதிக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் புற்றின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள். "கேளுங்க, இப்போ மூங்கில் பக்கத்துலேர்ந்து! கேளுங்க, இப்போ பாறைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து!"

"கேக்குது, மருதி. கல்லு சுடுது. வயித்தை நனைச்சுக்கிட்டு வா."

"இதோ, இன்னும் ஒரு தடவை கேட்டுட்டுப் போறேன்!"

ஒரு தடவை என்பது பல தடவை ஆனது.

மூன்றாம் நாள் அவள் சில்லுவைக் கூப்பிட்டாள். "நாளன்னிக்கு விடிஞ்சதும் எல்லாரும் மடுவாய்க்கு வரணும். இதைச் சொல்லு!" அதுவும் காடு முழுக்கப் போனது. எல்லா மரத்திலிருந்தும் பதில் வந்தது: "மடுவாய்க்கு வாங்க! மடுவாய்க்கு வாங்க!"

விடிந்தது. மருதி மடுவாய்க்குப் பறந்தாள். நீர்நாய் கயலனும் அவன் மனைவியும் வந்திருந்தார்கள். புள்ளிமான் செவந்தி வந்திருந்தாள். இரண்டு முள்ளம்பன்றிகள், ஐந்து முயல்கள், முந்தின நாளே கிளம்பி வந்து சேர்ந்த ஓர் ஆமை. அவளோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். வெயில் ஏறும்வரை காத்திருந்தார்கள். வேறு யாரும் வரவில்லை.

கருந்தோளன் கரையேறி வந்து அவர்களைப் பார்த்தான். சிரித்தான். மற்ற எருமைகளும் சிரித்தன. மடுத் தண்ணீரே குலுங்கியது.

"காடே கத்துச்சேன்னு கொஞ்சம் பயந்துட்டேன்!" என்றான் அவன். "இவ்வளவுதானா?"

திரும்பி வரும் வழியில் மருதி மயிலைப் பார்த்தாள். "நீ ஏன் வரலை?"

மயிலுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் வரலையா! நேத்து முழுக்க ‘மடுவாய்க்கு வாங்க’ன்னு நூறு தடவை அகவினேன். தொண்டை கட்டிப்போச்சு. இதுக்கு மேல என்ன பண்ணணும்கிறே?"

மருதி கூட்டுக்கு வந்தாள். மஞ்சக்காலன் முட்டைகளை ஒட்டிக் காதை வைத்துக் குனிந்திருந்தான்.

"உள்ளேயிருந்து சத்தம் வருது" என்றான்.

மருதி பதறிப்போய்க் குனிந்தாள். முதல் முட்டைக்குள் மெல்லிய கீச்சொலி. இரண்டாவதிலும் கேட்டது. மூன்றாவதிலும் கேட்டது. நான்காவது முட்டை சும்மா இருந்தது. அவள் அலகால் மெல்லத் தட்டினாள். மறுபடி தட்டினாள்.

"முந்தாநாள் மத்தியானம் ரொம்பச் சுட்டுடுச்சு" என்றான் மஞ்சக்காலன். அவளைக் குறை சொல்வதுபோல் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. முந்தாநாள் மத்தியானம் அவள் புற்றின்மேல் இருந்தாள். மேற்கு மலை என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குப் பிறகு அவள் அந்தப் புற்றுப் பக்கமே போகவில்லை.

இதற்குள் பன்னிரண்டு பேர்தான் போனார்கள் என்ற சேதியும் காட்டில் பரவிவிட்டது. பலருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "இந்தத் தடவை நிச்சயம் வரோம்" என்று கருமந்திகள் சொல்லியனுப்பின. கரடி பூதன், "நாள் மட்டும் சொல்லு" என்றான். மருதி மறுபடியும் ஒரு நாள் குறித்தாள்.

எருமைகள் சிரித்தாலும் நரி நல்லானுக்குச் சிரிப்பு வரவில்லை. காடு முழுக்க ஒரே வார்த்தையைச் சொல்ல ஆரம்பித்தால் என்றைக்காவது ஒருநாள் காடு முழுக்க வந்து நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். அவன் கரிச்சானைத் தேடிப் போனான்.

கரிச்சான் கறுப்பாக, பிளந்த வாலோடு ஓர் எருமையின் முதுகில் உட்கார்ந்திருந்தது. எந்தப் பறவையின் குரலையும் அது அப்படியே கூவும். பருந்துபோல் கூவினால் பருந்தே திரும்பிப் பார்க்கும்.

"உனக்கு ஆள்காட்டி மாதிரி கத்த வருமா?" என்று கேட்டான் நரி.

"வரும். எதுக்கு?"

"எருமைக் கூட்டம் நடந்தா புல்லுலேர்ந்து பூச்சி பறக்குது. நீ பிடிச்சுத் தின்னுறே. கூட்டம் இந்த மடுவை விட்டுப் போயிட்டா நீ எங்கே போவே?"

கரிச்சான் வாலை ஆட்டியது. அதற்கு மேல் அது எதுவும் கேட்கவில்லை.

குறித்த நாள் விடிந்தது. கிளம்புவதற்கு முன்னால் முட்டைகளைக் கொஞ்சம் குளிரவைத்துவிட்டுப் போகலாம் என்று மருதி ஈர வயிற்றோடு உட்கார்ந்திருந்தாள். அப்போது தூரத்து மருதமரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"மடுவாய்க்கு வராதீங்க! அங்கே சிறுத்தை பதுங்கியிருக்கு! தெற்குப் பள்ளத்துக்கு ஓடுங்க! அங்கே தண்ணி ஊறியிருக்கு!"

மருதிக்குச் சிறகெல்லாம் சிலிர்த்தது. அது அவள் குரல். அவளுடைய அதே அவசரம், கடைசியில் மேலே ஏறும் அதே இழுப்பு.

"நான் இங்கேதானே இருக்கேன்..." என்றாள் அவள் மஞ்சக்காலனைப் பார்த்து.

அதற்குள் தவிட்டுக்குருவிகள் எடுத்துக்கொண்டன. "சிறுத்தை! தெற்குப் பள்ளம்!" மைனாக்கள் எடுத்துக்கொண்டன. கிளிகள் எடுத்துக்கொண்டன. மருதி எழுந்து, "பொய்! பொய்!" என்று கத்திக்கொண்டே பறந்தாள். கேட்டவர்கள் குழம்பினார்கள். ஒரு மருதி போ என்கிறாள், ஒரு மருதி போகாதே என்கிறாள். பயம் வந்த கால் எந்தப் பக்கம் ஓடும்? எல்லாரும் தெற்குப் பள்ளத்துக்கு ஓடினார்கள்.

அங்கே தண்ணீர் இல்லை. சறுக்கும் சரளைமண்தான் இருந்தது. முன்னால் போனவர்கள் நிற்கப் பார்த்தார்கள். பின்னால் வந்தவர்கள் தள்ளினார்கள். செவந்தி கீழே விழுந்தாள். அவள்மேல் நாலு பேர் ஏறிப் போனார்கள். எழுந்தபோது அவளுடைய முன்னங்கால் தரையில் ஊன்றவில்லை.

மருதி வந்து சேர்ந்தபோது எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"உன்னாலதான்!" என்றது ஒரு கருமந்தி.

"நான் கூப்பிடலை! வேற யாரோ என் குரல்ல..."

"என் காதால கேட்டேன்! உன் குரல் எனக்குத் தெரியாதா?"

மருதி சில்லுவைப் பார்த்தாள். சில்லு இறகைக் கோதிக்கொண்டே, "நாங்க கேட்டதைத்தானே சொன்னோம்" என்றாள்.

"ஆமா" என்றாள் மருதி. "கேட்டதைத்தான் சொன்னீங்க."

சில்லு அதற்கு மேல் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த இரண்டு நாளும் காட்டில் யாரும் "ஓடை எங்கே?" என்று கேட்கவில்லை. மருதி கத்திப் பார்த்தாள். அவள் கத்தினாலே முயல்கள் வளைக்குள் ஓடின. இது உண்மையான மருதியா, பொய்யான மருதியா என்று யாருக்குத் தெரியும்? தன் குரலே தனக்கு எதிராகப் போன பிறகு, குரலை வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது!

அந்த இரண்டு நாளில் மூன்று குஞ்சுகள் ஓட்டை உடைத்துக்கொண்டு வந்தன. பிறந்த அன்றே அவை ஓடித் திரிந்தன; அன்றே தாகமும் வந்தது. நீர்நாய் கயலன் ஓடைமணலைத் தோண்டி ஒரு சிறு ஊற்று எடுத்துக் கொடுத்தான். கலங்கல்தான். ஆனாலும் குஞ்சுகள் குடித்தன.

"கத்தினா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க, கயலா."

"அப்போ கத்தாதே. நேர்ல போ."

மருதி நேரில் போனாள். முதலில் போனது செவந்தியிடம். மான் ஒரு புதரடியில் படுத்திருந்தாள்.

"நான் கூப்பிடலை, செவந்தி. அது கரிச்சான் வேலைன்னு நினைக்கிறேன். ஆனா என் குரல் கேட்டதும் யாரும் எதையும் யோசிக்காம ஓடுற மாதிரி ஆச்சே, அதைப் பாத்து நான் சந்தோஷப்பட்டேன். அது என் தப்பு."

செவந்தி தன் காலைப் பார்த்தாள். பிறகு, "நானும் சிறுத்தையைப் பாத்தது யாருன்னு கேட்டிருக்கலாம்" என்றாள். "ஒரு வார்த்தை. கேக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"

அந்த ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டுதான் மருதி காட்டைச் சுற்றினாள். மரம் மரமாக, வளை வளையாகப் போனாள். எதிரில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, "எந்தச் சேதி வந்தாலும் யார் பாத்ததுன்னு கேளுங்க" என்றாள். ஏழு நாள் ஆனது. "எத்தனை தடவை கத்துவீங்கன்னு நான் கேக்கலை" என்பாள். "வருவீங்களா? வந்தா எத்தனை நாள் இருப்பீங்க?" சிலர் முடியாது என்று சொன்னார்கள். மயில் தொண்டையைக் காட்டியது. மருதி சரி என்று அடுத்த மரத்துக்குப் போனாள்.

தவிட்டுக்குருவிகளிடம் அவள் போகவில்லை. அவைதான் அவளிடம் வந்தன.

"அக்கா, இனிமே எந்தச் சேதி வந்தாலும் யார் பாத்ததுன்னு கேக்காம எடுத்துட்டுப் போக மாட்டோம்" என்றாள் சில்லு. "பாத்தவங்க பேர் இருந்தாத்தான் அடுத்த மரம்."

"மெதுவாத்தான் போகும், பரவாயில்லையா?"

"எங்களுக்குக் கஷ்டம்தான்!" என்றாள் சில்லு. ஏழு குருவிகளுக்கும் உண்மையிலேயே அது பெரிய கஷ்டம்.

மைனாக்களும் உண்ணிக்கொக்குகளும் தயங்கின. "நாங்க வந்து என்ன ஆகப்போகுது?" என்றது ஒரு மைனா. "எங்களால ஒரு கூழாங்கல்லைக்கூட நகர்த்த முடியாது."

"சரி, நீங்க தினமும் எங்கே சாப்பிடுறீங்க?" என்று கேட்டாள் மருதி.

"எங்கேன்னா? எருமை முதுகுலதான். உண்ணி பொறுக்கித் தின்னுவோம், காதுல இருக்கிற ஈயைப் பிடிப்போம்..." சொல்லிக்கொண்டே வந்த மைனா சட்டென்று நிறுத்தியது. எல்லாக் கொக்குகளும் அதைப் பார்த்தன.

"பட்டினியாகுமே" என்றது ஒரு கொக்கு.

"வெட்டுக்கிளி இருக்கு, தத்துக்கிளி இருக்கு" என்றது மைனா. "எருமை முதுகுக்குப் போகாம ஒரு நாலு நாள் சமாளிக்கலாம்."

மூன்றாவது முறையாக நாள் குறித்தார்கள். அன்று காலையிலும் தூரத்திலிருந்து மருதியின் குரல் வந்தது. "மடு திறந்தாச்சு! எல்லாரும் வீட்டுக்குப் போங்க!"

"யார் பாத்தது?" என்று சில்லு திருப்பிக் கேட்டாள்.

குரல் ஒரு நொடி தடுமாறியது. "நான்தான்! மருதி!"

மருதி அப்போது சில்லுவுக்குப் பக்கத்திலேயே, அதே கிளையில் உட்கார்ந்திருந்தாள். ஏழு குருவிகளும் சிரித்த சிரிப்பில் கிளை ஆடியது. அந்தச் சேதி அந்த மரத்தைத் தாண்டவில்லை. கரிச்சான் மூங்கிலுக்குள்ளிருந்து கிளம்பி எருமைகள் பக்கம் பறந்துபோனது.

மடுவாய்க்குக் கூட்டம் வந்தது. காடு முழுக்க வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் வருகிறேன் என்று முகத்தைப் பார்த்துச் சொன்ன ஒவ்வொருவரும் வந்தார்கள். கரடி பூதன் வந்தான். கருமந்திகள் குட்டிகளோடு வந்தன. முயல்கள், முள்ளம்பன்றிகள், நீர்நாய்கள் எல்லாரும் வந்தார்கள். அடைத்துவைத்த பாறைகளின்மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

"இறங்குங்க!" என்று கருந்தோளன் கொம்பை ஆட்டிக்கொண்டு பாய்ந்து வந்தான். யாரும் இறங்கவில்லை. கரடிக்கும் பயம்தான், பக்கத்தில் முயல் உட்கார்ந்திருக்கும்போது கரடி எப்படி ஓடும்? கருந்தோளன் பாறைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டான். மோதினால் அணையல்லவா உடையும்!

"ரெண்டு நாள்ல பசிச்சுதுன்னா அவங்களே போயிடுவாங்க" என்றான் நரி.

அவர்கள் போகவில்லை. ஒருவர் மேய்ந்துவிட்டு வர, இன்னொருவர் உட்கார்ந்தார். மருதியும் மஞ்சக்காலனும் மாறி மாறி வந்தார்கள். அன்றன்று நடந்ததைத் தவிட்டுக்குருவிகள் கீழே கொண்டுபோயின. இத்தனை பேர் இருக்கிறோம், யாருக்கும் அடி இல்லை, பாத்தது முள்ளம்பன்றி. இன்று கருமந்திக்குப் பசி, பழம் கொண்டுவாங்க, பாத்தது கயலன். அதைக் கேட்டு முதலில் வராதவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள்.

இரண்டாம் நாளே எருமைகளுக்கு அரிப்பு தொடங்கிவிட்டது. முதுகில் ஒரு மைனாவும் இல்லை, கொக்கும் இல்லை. உண்ணி ஏறியது. காதுக்குள் ஈ குடைந்தது. எருமைகள் மரத்தில் முதுகைத் தேய்த்தன. பட்டை உரிந்ததே தவிர உண்ணி போகவில்லை. கரிச்சான் பறக்கிற பூச்சியைத்தான் பிடிக்கும். உண்ணி பொறுக்க அதற்கு வராது.

நான்காம் நாள் காலையில் கருந்தோளனின் அக்கா கரையேறி வந்தாள். கூட்டத்தில் வயதில் மூத்த எருமை அவள்தான்.

"தம்பி, புரள ஆழம் கேட்டது யாரு? நானா? கன்னுக்குட்டிங்களா?"

"அக்கா, தலைவன்னா ஒரு மரியாதை..."

"காது புண்ணாப் போச்சு. மரியாதையை வெச்சு சொறிஞ்சுக்கவா?" என்றாள் அவள். பாறைகளின் பக்கம் திரும்பினாள். "கொஞ்சம் நகருங்க, புள்ளைங்களா." கொம்பைக் கொடுத்து ஒரு கட்டையை நெம்பினாள்.

கருந்தோளன் பல்லைக் கடித்தான். எருமைகளில் பாதிப்பேர் அக்காவின் பின்னால் போய் நிற்பதைப் பார்த்தான். "சரி, சரி! பாதி திறந்துக்கலாம்! பாதி எங்களுக்கு இருக்கட்டும்!"

எல்லாரும் மருதியைப் பார்த்தார்கள். முழுசாகத் திறக்கவேண்டும் என்றுதான் அவளுக்கு ஆசை. ஆனால் எருமைகளுக்கும் வெயில் அடிக்கத்தான் செய்கிறது. "மழை வர்றவரைக்கும் ஓடை நிக்கவே கூடாது" என்றாள். "அதுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு திறங்க."

பூதன் தோளைக் கொடுத்துப் பாறையைத் தள்ளினான். முள்ளம்பன்றிகள் சேற்றைத் தோண்டின. நீர்நாய்கள் அடியில் மூழ்கிக் கட்டைகளை இழுத்தன. அக்கா கொம்பால் நெம்பினாள். முதலில் நூல்போல் கசிந்தது. பிறகு ஒரு கட்டை புரண்டது. தண்ணீர் சத்தத்தோடு கிளம்பியது.

நரி நல்லான் உயரமான இடத்தில் ஏறி நின்றான். "முதல்லேர்ந்தே நான் இதைத்தான் சொல்லிட்டு வந்தேன்!" என்று அறிவித்தான். அதை எந்தத் தவிட்டுக்குருவியும் அடுத்த மரத்துக்கு எடுத்துக்கொண்டு போகவில்லை.

மத்தியானத்துக்குள் தண்ணீர் கீழே வந்துவிட்டது. பழைய அகலம் இல்லை, பாதிதான். குட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. செவந்தி மூன்று காலில் நொண்டிக்கொண்டு வந்து, தலையைத் தாழ்த்தி, நிறுத்தாமல் குடித்தாள். அந்தக் கால் முன்புபோல் ஆகாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மருதி அவள் பக்கத்தில் ஓடைக்குள் இறங்கி நின்றாள். குஞ்சுகள் மூன்றும் அவள் காலடியில் நின்று அலகை நனைத்தன.

ஒரு சேதியை நொடியில் காடு முழுக்க அனுப்பிவிடலாம். ஆனால் யார் பார்த்தது என்று கேட்ட பிறகே அதை அனுப்பி, அனுப்பியதோடு நில்லாமல் நேரில் வந்து தோள் கொடுப்பவர்களால்தான் அடைபட்டது திறக்கும்.